பலா மரத்துக் காளான்

மழைக் காலம் வந்தால் காளான் முளைக்கும். குப்பை மேட்டில் முளைக்கும். புற்றின் மேல் முளைக்கும். வைக்கோல் போரில் முளைக்கும். இரண்டு நாள் இருக்கும். பிறகு அழுகிப் போகும். இது நம் எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் அழுகாத காளானும் இருக்கிறது. அது மரத்தில் வளரும். கட்டை போலக் கெட்டியாக இருக்கும். கையால் பிய்த்தால் வராது. அரிவாளால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். பல ஆண்டுகள் அதே இடத்தில் இருக்கும். இதை மரக்காளான் என்கிறோம்.

நாம் வாழும் புனே நகரத்துக்கு மேற்கே சஹ்யாத்ரி மலை இருக்கிறது. நம் ஊரில் மேற்குத் தொடர்ச்சி மலை என்று சொல்வதும் இதே மலைதான். மலைக்கு அந்தப் பக்கம் கொங்கண் பகுதி. ரத்னகிரி, சிந்துதுர்க், ராய்கட் மாவட்டங்கள் அங்கே உள்ளன. அங்கே பலா மரங்கள் நிறைய உண்டு. வயதான பலா மரத்தில் ஒரு மரக்காளான் வளரும். மராத்தி மக்கள் அதை ஃபண்சோம்பா என்று சொல்கிறார்கள். மராத்தியில் ஃபணஸ் என்றால் பலா. அளம்பே என்றால் காளான். பலாக் காளான் என்பதுதான் பெயரின் பொருள்.

இந்தப் பாடத்தில் அந்தக் காளானைப் பற்றிப் படிப்போம். அதை அடையாளம் காண்பது எப்படி? மக்கள் அதை எதற்குப் பயன்படுத்தினார்கள்? நாம் எங்கே கவனமாக இருக்க வேண்டும்?

காளான் செடியா?

காளான் செடி இல்லை. செடிக்குப் பச்சை இலை உண்டு. வெயிலைக் கொண்டு தன் உணவைத் தானே செய்துகொள்ளும். காளானுக்குப் பச்சை நிறம் இல்லை. தன் உணவைத் தானே செய்ய அதற்குத் தெரியாது. பிற பொருள்களைத் தின்றுதான் அது வாழ வேண்டும்.

மரக்காளான் மரத்தையே தின்கிறது. எப்படித் தின்கிறது? மரத்தில் ஒரு காயம் ஏற்படுகிறது. கிளை ஒடிகிறது, அல்லது யாரோ வெட்டுகிறார்கள். அந்தக் காயத்தில் காளானின் வித்துத் தூள் விழுகிறது. தூளில் இருந்து வெள்ளை நூல் போன்ற இழைகள் கிளம்புகின்றன. அவை மரத்துக்குள்ளே பரவுகின்றன. மரத்துக்கு உறுதி தரும் பொருளைக் கரைத்துத் தின்கின்றன. மரம் உள்ளுக்குள்ளே வெளுத்து மெத்தென்று ஆகிவிடுகிறது.

இதற்குப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை வெளியே ஒன்றும் தெரியாது. பிறகுதான் மரத்தின் மேல் காளான் தலை நீட்டும். நாம் பார்ப்பது வெளியே வந்த பகுதியை மட்டும்தான். காளானின் பெரும் பகுதி மரத்துக்குள்ளே இருக்கிறது. பலாப் பழம் வெளியே தொங்குகிறது, மரம் தனியே நிற்கிறது அல்லவா? அதுபோல வெளியே தெரியும் காளான் பழம் போன்றது. உள்ளே இருக்கும் இழைகள் மரம் போன்றவை.

அடையாளம் காண்பது எப்படி?

ஃபண்சோம்பாவை ஐந்து அடையாளங்களால் பார்க்கலாம்.

1. இடம்: பலா மரத்தின் அடிமரத்தில் அல்லது பெரிய கிளையில் ஒட்டி இருக்கும். காம்பு இருக்காது. சுவரில் அடித்த அலமாரித் தட்டு போல நீட்டிக்கொண்டு இருக்கும். சில சமயம் குதிரைக் குளம்பு போலத் தடித்து இருக்கும்.

2. மேல்பக்கம்: கரும் பழுப்பு நிறம் அல்லது கறுப்பு நிறம். பள்ளமும் மேடுமாக வளைகோடுகள் இருக்கும். வயதான காளானில் வெயிலில் காய்ந்த ஏரி மண் போல வெடிப்பு இருக்கும். பளபளப்பு இருக்காது.

3. அடிப்பக்கம்: பழுப்பு நிறம். குடைக் காளானின் அடியில் ஏடு ஏடாக இருக்கும். இதில் அப்படி ஏடுகள் கிடையாது. மிகச் சிறிய துளைகள் இருக்கும். இடியாப்ப அச்சின் துளையை விடப் பல மடங்கு சிறியவை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் நன்றாகத் தெரியும். இந்தத் துளைகள் வழியாகத்தான் வித்துத் தூள் வெளியே வருகிறது.

4. உள்பக்கம்: வெட்டிப் பார்த்தால் இரும்புத் துரு நிறம். அடுக்கு அடுக்காக இருக்கும். ஒவ்வொரு வளர்ச்சிக் காலத்திலும் ஒரு புது அடுக்கு வளர்கிறது.

5. கெட்டித் தன்மை: மரக்கட்டை போல இருக்கும். சமைத்துத் தின்ன முடியாது.

விஞ்ஞானிகளுக்கு ஆறாவது அடையாளம் ஒன்று உண்டு. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரக் கரைசலை ஒரு சொட்டு விடுவார்கள். காளான் சதை கறுத்துப் போகும். கறுத்தால் அது பெல்லினஸ் போன்ற காளான்களின் குடும்பம் என்று தெரியும். ஃபண்சோம்பா பெல்லினஸ் கூட்டத்தைச் சேர்ந்தது. இந்தச் சோதனையை வீட்டில் செய்யக் கூடாது. அந்தக் கரைசல் தோலை அரிக்கும். கண்ணில் பட்டால் பார்வை கெடும்.

இது வேறு, அது வேறு

இன்னொரு மரக்காளானையும் நாம் அறிந்துகொள்வோம். அதன் பெயர் கானோடெர்மா. அதன் மேல்பக்கம் வார்னிஷ் பூசியது போலப் பளபளக்கும். சிவப்பும் பழுப்பும் கலந்த நிறம். வளரும்போது ஓரம் வெள்ளையாக இருக்கும். அடிப்பக்கமும் வெள்ளைதான்.

தென்னை விவசாயிகளுக்கு இது பொல்லாத காளான். 1952-ஆம் ஆண்டு தஞ்சாவூர் மாவட்டத் தென்னந்தோப்புகளில் ஒரு வாடல் நோய் காணப்பட்டது. அதைத் தஞ்சாவூர் வாடல் நோய் என்றே அழைக்கிறார்கள். கானோடெர்மாதான் அதற்குக் காரணம். மரத்தின் அடியில் வெடிப்பு உண்டாகும். அதில் இருந்து செம்பழுப்பு நிறச் சாறு வடியும். மட்டைகள் காய்ந்து தொங்கும். கடைசியில்தான் மரத்தின் அடியில் காளான் தெரியும். காளானைப் பார்த்த பிறகு வைத்தியம் செய்வது கடினம். சாறு வடிவதைக் கண்ட உடனே வேளாண்மை அலுவலரிடம் சொல்ல வேண்டும். ஊரில் தோப்பு வைத்திருக்கும் உறவினருக்கு இதைக் கடிதத்தில் எழுதுங்கள். தொலைபேசியிலும் சொல்லுங்கள்.

மக்கள் எப்படிப் பயன்படுத்தினார்கள்?

மகாராஷ்டிர மக்கள் ஃபண்சோம்பாவைக் கைமருந்தாகப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். காளான் துண்டைக் கல்லில் தண்ணீர் விட்டு உரைப்பார்கள். அந்தக் குழம்பைக் குழந்தையின் ஈறில் தடவுவார்கள். குழந்தைக்கு எச்சில் அதிகமாக ஒழுகினால் இப்படிச் செய்வது வழக்கம். வாய்ப்புண்ணுக்கும் தடவுவார்கள். வயிற்றுப்போக்குக்கு உள்ளே கொடுப்பதும் உண்டு.

நமக்கு இது புதிதாகத் தோன்றவில்லை அல்லவா? நம் வீடுகளிலும் உரை மருந்து உண்டு. வசம்பு, மாசிக்காய், ஜாதிக்காய், கடுக்காய் ஆகியவற்றைக் கல்லில் உரைப்பார்கள். வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்றே ஒரு பெயர் உண்டு. நம் பாட்டிமார் வசம்பை உரைத்தார்கள். கொங்கண் பாட்டிமார் காளானை உரைத்தார்கள்.

புனே பல்கலைக்கழகத் தாவரவியல் துறையைச் சேர்ந்த ஜே. ஜி. வைத்யா இதைப் பற்றி ஆராய்ந்தார். ஏ. எஸ். ராப்பா என்பவருடன் சேர்ந்து 1993-ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். மக்கள் வைத்தியத்தில் காளான்கள் என்பது அதன் பொருள். பாட்டிமார் வாயில் இருந்த செய்தி இப்படி அச்சில் ஏறியது.

புனேயில் அகர்கர் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1946-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. சங்கர் புருஷோத்தம் அகர்கர் என்ற தாவரவியல் அறிஞர் அதன் முதல் இயக்குநர். அவர் நினைவாக 1992-ஆம் ஆண்டு இந்தப் பெயர் வைக்கப்பட்டது. நாட்டின் பல பகுதிகளில் எடுத்த காளான்களை அங்கே உலர்த்திப் பாதுகாக்கிறார்கள். உயிருள்ள பூஞ்சைகளையும் கண்ணாடிக் குழாய்களில் வளர்த்து வைத்திருக்கிறார்கள்.

மற்ற இடங்களில்

கேரளத்திலும் பலா மரத்தில் பெல்லினஸ் காளான் வளர்கிறது. அங்குள்ள பழங்குடி மக்கள் அதைப் பொன்னுக்கு வீங்கி நோய்க்குப் பயன்படுத்தினார்கள். திருச்சூரில் உள்ள அமலா புற்றுநோய் ஆராய்ச்சி மையம் அந்தக் காளானின் சாற்றை ஆராய்ந்தது. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. நல்ல பலன்கள் சில தெரிந்தன. எலிக்குப் பலன் தந்தது மனிதருக்கும் பலன் தரும் என்று உடனே சொல்லிவிட முடியாது. அதற்குத் தனியாகச் சோதனை வேண்டும்.

கொரியா நாட்டில் முசுக்கொட்டை மரத்தில் இது போன்ற காளான் வளர்கிறது. பட்டுப்புழுவுக்கு இலை தரும் மரம்தான் முசுக்கொட்டை. கொரியர்கள் அந்தக் காளானை மருந்தாகக் குடிக்கிறார்கள். ஒரு செய்தி தெரியுமா? முசுக்கொட்டையும் பலாவும் ஒரே குடும்பத்து மரங்கள்.

1991-ஆம் ஆண்டு ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில் பனிக்கு அடியில் ஒரு மனித உடல் கிடைத்தது. அந்த மனிதர் சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முன்பு இறந்தவர். அவரிடம் இரண்டு வகை மரக்காளான்கள் இருந்தன. ஒரு வகை தீ மூட்டப் பயன்படுவது. கல்லில் கல் உரசினால் பொறி பறக்கும். பொறியைப் பிடிக்கக் காய்ந்த பஞ்சு போன்ற பொருள் வேண்டும். மரக்காளானை இடித்துப் பதப்படுத்தினால் அப்படி ஆகும். பொறி பட்டால் கொழுந்து விட்டு எரியாது. கனன்றுகொண்டே இருக்கும். இன்னொரு வகையைத் தோல் வாரில் கோத்து வைத்திருந்தார். அது அவருக்கு மருந்தாக இருந்திருக்கலாம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள்.

ஐரோப்பாவில் வைத்தியர்கள் பதப்படுத்திய மரக்காளானைக் காயத்தில் வைத்து ரத்தத்தை நிறுத்தினார்கள். ருமேனியா நாட்டில் இன்றும் சிலர் அதில் தொப்பி செய்கிறார்கள்.

ஒரு உரையாடல்

கட்கி, தேகு ரோடு, பிம்ப்ரி பகுதிகளில் தமிழ்க் குடும்பங்களும் மராத்திக் குடும்பங்களும் அருகருகே வாழ்கின்றன. அப்படி ஒரு வீட்டில் மாமியாரும் மருமகளும் பேசுவதைப் படியுங்கள்.

மருமகள்: அத்தை, பிள்ளைக்கு எச்சில் ஒழுகிக்கிட்டே இருக்கு. காலையில இருந்து மூணு சட்டை மாத்திட்டேன்.

மாமியார்: பக்கத்து வீட்டு ஆஜி ஒரு கட்டை குடுத்தாங்கம்மா. ஃபண்சோம்பாவாம். கல்லுல உரைச்சு ஈறுல தடவச் சொன்னாங்க.

மருமகள்: நம்ம ஊர்ல வசம்பு உரைக்கிற மாதிரியா?

மாமியார்: அதே மாதிரிதான். உங்க வீட்டுக்காரருக்கு நான் வசம்பு உரைச்சுக் குடுத்துத்தான் வளர்த்தேன்.

மருமகள்: சரிதான் அத்தை. ஆனா பிள்ளைக்கு இன்னும் அஞ்சு மாசம்தான் ஆகுது. ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம்னு ஆஷா அக்கா சொன்னாங்களே.

மாமியார்: தண்ணி கூடவா வேண்டாம்?

மருமகள்: தண்ணி கூட வேண்டாமாம். இந்தக் கட்டை எந்த மரத்துல எடுத்தது, எத்தனை நாளாச்சு, யாருக்குத் தெரியும்? கேட்டுட்டுச் செய்யலாம் அத்தை.

மாமியார்: கேளும்மா. கேக்கறதுல என்ன குறைஞ்சு போகுது? ஆஜி மனசு நோகாம நான் சொல்லிக்கிறேன்.

மருமகள் கேட்டது சரியான கேள்வி. மாமியார் சொன்னதும் சரியான பதில்.

நாம் தெரிந்துகொள்ள வேண்டியது

மூன்று மாதம் முதல் குழந்தைகளுக்கு எச்சில் ஒழுகுவது இயல்பு. பல் முளைக்கும் காலத்திலும் ஒழுகும். இது நோய் இல்லை. மருந்து தேவை இல்லை. சுத்தமான துணியால் துடைத்தால் போதும். ஆனால் திடீரென்று எச்சில் ஒழுகி, காய்ச்சலும் இருந்தால் கவனிக்க வேண்டும். குழந்தை விழுங்க முடியாமல் தவித்தால், மூச்சு விடச் சிரமப்பட்டால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்.

வயிற்றுப்போக்கில் குழந்தையின் உயிருக்கு ஆபத்து எதனால் வருகிறது? உடலில் உள்ள நீரும் உப்பும் வெளியே போவதால் வருகிறது. எந்தக் காளானும் அந்த நீரைத் திருப்பித் தராது. உப்பு சர்க்கரைக் கரைசல்தான் தரும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிடைக்கும். பொட்டலத்தில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுவதையும் கரைக்க வேண்டும். பொட்டலம் இல்லாவிட்டால் வீட்டில் செய்யலாம்.

கொதித்து ஆறிய தண்ணீர்: 1 லிட்டர்
சர்க்கரை: தலை தட்டிய 6 தேக்கரண்டி
உப்பு: தலை தட்டிய அரைத் தேக்கரண்டி

உப்பு அதிகம் ஆகக் கூடாது. கரைத்த தண்ணீரை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். மீதியைக் கொட்டிவிட வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. மலத்தில் ரத்தம் இருந்தால், கண் குழி விழுந்தால், குழந்தை துவண்டு போனால், எதையும் குடிக்காவிட்டால் காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழையுங்கள்.

பெரியவர்களுக்கும் ஒரு செய்தி. கடையில் ஃபண்சோம்பா துண்டாக விற்கிறது. துண்டைப் பார்த்து வகையைச் சொல்ல முடியாது. மரம் தெரியாது. மேல்பக்கம் தெரியாது. பெல்லினஸில் பல வகைகள் உண்டு. தேவை என்றால் படித்த ஆயுர்வேத மருத்துவரைக் கேட்டு வாங்க வேண்டும். ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளையும் அவரிடம் சொல்ல வேண்டும்.

குடைக் காளானில் எச்சரிக்கை

மரக்காளானைப் பற்றிப் படித்துவிட்டு, மழைக்கு முளைத்த எல்லாக் காளானையும் பறிக்கக் கூடாது. குடைக் காளான்களில் கொடிய நஞ்சு உள்ளவை உண்டு. சில நஞ்சு உடனே வேலை காட்டாது. தின்று ஆறு மணி நேரத்துக்குப் பிறகுதான் வாந்தியும் பேதியும் தொடங்கும். பிறகு சரியானது போலத் தோன்றும். அந்த நேரத்தில் உள்ளே ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும்.

வெள்ளிக் காசு போட்டால் நஞ்சுக் காளான் கறுக்கும் என்பார்கள். இது உண்மை இல்லை. பூச்சி தின்ற காளானை மனிதரும் தின்னலாம் என்பார்கள். இதுவும் உண்மை இல்லை. வேக வைத்தால் நஞ்சு போய்விடும் என்பார்கள். கொடிய நஞ்சு வேகவைத்தாலும் போகாது. சந்தேகமான காளானைத் தின்றுவிட்டால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மீதிக் காளானையும் எடுத்துப் போங்கள். மருத்துவருக்கு அது உதவும்.

காளான் சொல்லும் செய்தி

மரக்காளானால் இன்னொரு பயனும் உண்டு. அது ஒரு எச்சரிக்கைப் பலகை. அடிமரத்தில் காளான் இருந்தால் மரம் உள்ளே உளுத்திருக்கலாம். இலை பச்சையாக இருந்தாலும் உள்ளே வலு குறைந்திருக்கலாம். மழையிலும் காற்றிலும் அது விழலாம்.

நம்மில் பலர் சாலையோர மரத்தடியில் வேலை செய்கிறோம். காய் விற்கிறோம். செருப்புத் தைக்கிறோம். துணி தேய்க்கிறோம். மரத்தில் தூளி கட்டிக் குழந்தையைத் தூங்க வைக்கிறோம். இனிமேல் மரத்தடியில் உட்காரும் முன் ஒரு முறை சுற்றிப் பாருங்கள். அடிமரத்தில் தட்டுத் தட்டாகக் காளான் இருந்தால் அங்கே தூளி கட்டாதீர்கள். வண்டியைத் தள்ளி நிறுத்துங்கள்.

அதற்காக மரத்தை நாமே வெட்டக் கூடாது. மகாராஷ்டிரத்தில் நகரத்து மரங்களைக் காக்க 1975-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அனுமதி இல்லாமல் வெட்டினால் குற்றம். மாநகராட்சியின் தோட்டத் துறைக்கு ஒரு மனு எழுதுங்கள். எந்தச் சாலை, எந்த இடம், என்ன மரம், காளான் எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள். தேதி போடுங்கள். கையெழுத்துப் போடுங்கள். இப்போது நமக்கு எழுதத் தெரியும்.

புதிய சொற்கள்

வித்துத் தூள்: காளான் பரவ உதவும் நுண்ணிய தூள்
இழை: மெல்லிய நூல்
உரை மருந்து: கல்லில் உரைத்துக் கொடுக்கும் மருந்து
ஆஜி: மராத்தியில் பாட்டி

பதில் எழுதுங்கள்

1. ஃபண்சோம்பா எந்த மரத்தில் வளர்கிறது?
2. ஃபண்சோம்பாவின் மேல்பக்கம் எப்படி இருக்கும்? கானோடெர்மாவின் மேல்பக்கம் எப்படி இருக்கும்?
3. அரை லிட்டர் தண்ணீருக்கு எத்தனை தேக்கரண்டி சர்க்கரை வேண்டும்? உப்பு எவ்வளவு வேண்டும்?
4. உங்கள் வீட்டில் வழங்கும் கைமருந்து ஒன்றை எழுதுங்கள். அதை யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டீர்கள்?

செய்து பாருங்கள்

உங்கள் தெருவில் உள்ள மரங்களை எண்ணுங்கள். எத்தனை மரங்களில் காளான் இருக்கிறது? ஒரு தாளில் எழுதி வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். எல்லோரும் சேர்ந்து ஒரே மனுவாக எழுதலாம்.